செல்போன் இருந்தால் போதுமா?

எங்கள் தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கும் நண்பர் சென்ற மாதம் ஒரு மாலையில் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. "சார், நீங்க பிசிக்ஸ் வாத்தியார், உங்களுக்குத்தான் தெரியும். ஒன்றரை லட்ச ரூபாய் போன் ஒண்ணு இருந்தா அதுலேயே சினிமா எடுத்துடலாமாமே, நிஜமா?" என்று கேட்டார்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகன் குறும்படம் எடுக்க ஆசைப்படுகிறான். வெளிநாட்டில் பெரிய இயக்குநர் ஒருவர் முழுப் படத்தையே அந்தப் போனில் எடுத்திருக்கிறார் என்று ஆதாரத்துடன் தந்தையிடம் வாதாடியிருக்கிறான். போன் வாங்குவதற்கு வீட்டில் இருந்த வழி ஒன்றுதான். அவன் தாயாரின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போகவேண்டும். போகலாமா, கூடாதா என்பது என் பதிலைப் பொறுத்திருந்தது. கல்லூரியில் இருபது ஆண்டுகளாக ஒளியியல் நடத்துகிறேன். இவ்வளவு கனமான கேள்வியை எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை.

மாணவ நண்பர்களே, அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. 2025-இல் வெளிவந்த '28 இயர்ஸ் லேட்டர்' என்ற ஆங்கிலப் படத்தில் முக்கியக் காமிராவாகப் பயன்பட்டது ஐபோன் 15 புரோ மாக்ஸ்தான். இயக்குநர் டானி பாயில், ஒளிப்பதிவாளர் ஆன்டனி டாட் மான்டில் ஆகிய இருவருமே ஆஸ்கார் பரிசு பெற்றவர்கள். சில காட்சிகளுக்காக 20 போன்களை வில் போன்ற ஒரு சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, ஒரே கணத்தை 20 கோணங்களிலிருந்து பிடித்தார்கள். 20 சினிமாக் காமிராக்களை அப்படி ஒரு சட்டத்தில் மாட்டிக்கொண்டு ஓட முடியுமா?

ஆனால் பையன் சொன்னது பாதிக் கதை. அந்தப் போன்கள் உலோகக் கூடுகளுக்குள் பொருத்தப்பட்டிருந்தன. முன்னால் தனி வில்லைகள் இருந்தன. படத்துக்குச் சுமார் 6 கோடி டாலர் செலவானதாகச் செய்திகள் கூறின. அந்தக் கணக்கில் ஒரு போனின் விலை கண்ணுக்கே தெரியாது. ஆகவே அவர்கள் காசு மிச்சம் பிடிப்பதற்காகப் போனைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது தெளிவு. பின் எதற்காக? இதைப் புரிந்துகொள்ள, அதே இருவரும் சேர்ந்து எடுத்து 2002-இல் வெளியிட்ட முதல் படமான '28 டேஸ் லேட்டர்' பக்கம் போகவேண்டும். இரண்டுமே அச்சமூட்டும் படங்கள்; உங்கள் வயதுக்கு உரியவை அல்ல. எடுக்கப்பட்ட விதத்தை மட்டும் பார்ப்போம்.

கதைப்படி லண்டன் மாநகரில் ஓர் ஆளும் இல்லை. கதாநாயகன் மட்டும் தனியே வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நடந்து வருகிறான். உண்மையான லண்டனில் இதை எப்படி எடுப்பது? கோடைக்கால விடியற்காலையில், சாலைகள் ஓரளவு ஓய்ந்திருக்கும் வேளையில், போக்குவரத்தைச் சில நிமிடங்கள் மட்டும் நிறுத்திவைத்து எடுத்தார்கள். 35 மி.மீ. பிலிம் காமிரா கனமானது. அதை ஓரிடத்தில் நிறுத்திச் சரிசெய்வதற்குள் அந்தச் சில நிமிடங்கள் பறந்துவிடும். எனவே 'கேனன் எக்ஸ்.எல்.1' என்ற சிறிய வீடியோ காமிராக்கள் பலவற்றை வெவ்வேறு இடங்களில் வைத்து, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் ஓடவிட்டார்கள். வசதியுள்ளவர்கள் திருமண வீடியோவுக்கும் சுற்றுலாவுக்கும் வாங்கிக்கொண்டிருந்த வகைக் காமிரா அது. அன்று அவர்களுக்குக் கிடைக்காத பொருள் நேரம். அதைச் சிறிய காமிரா வாங்கித் தந்தது.

அதற்குக் கொடுத்த விலை என்ன? கணக்குப் போடலாம், வாருங்கள். ஐரோப்பிய முறையில் அந்த வகைக் காமிரா ஒரு படத்தை 720 நெடுவரிசை, 576 கிடைவரிசை கொண்ட புள்ளிகளாகப் பதிவு செய்கிறது. பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். இந்தப் படத்தை 10 மீட்டர் அகலமுள்ள திரையில் விரித்தால் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 14 மி.மீ. அகலம் கொள்ளும். ஒரு சட்டைப் பொத்தானைவிடப் பெரிது!

இனி, எதைப் படமெடுக்கிறோம் என்பதைப் பாருங்கள். 25 செ.மீ. உயரமுள்ள ஒரு முகம் படத்தின் முழு உயரத்தையும் நிறைத்தால், அதன் மேல் 576 வரிசைகள் விழுகின்றன. ஒரு வரிசைக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணிமை, உதட்டுச் சுருக்கம், வியர்வைத் துளி எல்லாம் தெரியும். அதே காமிராவைத் தூக்கி 500 மீட்டர் அகலமுள்ள நகரக் காட்சியைப் பிடித்தால் ஒரு புள்ளிக்குள் 70 செ.மீ. அகப்பட்டுக்கொள்ளும். அந்தக் காட்சியில் நிற்கும் மனிதன் அகலத்தில் ஒரு புள்ளி தேறமாட்டான். உயரத்தில் இரண்டு, மூன்று புள்ளிகள். அவன் கையை ஆட்டினாலும் தெரியாது.

டாட் மான்டிலுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 1998-இல் டென்மார்க்கில் 'ஃபெஸ்டன்' என்ற படத்தை உள்ளங்கையில் அடங்கும் ஒரு சோனி வீடியோ காமிராவில் எடுத்தவர் அவர். அந்தப் படம் கான் திரைப்பட விழாவில் பரிசும் பெற்றது. அதில் கதை முழுவதும் ஒரு வீட்டுக்குள், ஒரு விருந்துக் கூட்டத்துக்குள் நடக்கிறது. முகங்கள், முகங்கள், முகங்கள்! லண்டன் படத்தில் அகன்ற காட்சிகளும் வேண்டியிருந்தன. அவை சற்றுச் சொரசொரப்பாகத்தான் வந்தன. அழிந்துபோன நகரத்தின் செய்திப்படம் போன்ற அந்தத் தோற்றம் கதைக்கு ஒத்துப்போயிற்று. ஆனால் படத்தின் இறுதிப் பகுதி பசுமையான மலைப்புறத்தில் நடக்கிறது. அச்சம் விலகி அமைதி வருகிறது. அந்தப் பகுதியை மட்டும் அவர்கள் 35 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள். சிறிய காமிரா எங்கே உதவும், எங்கே உதவாது என்று கோடு கிழித்துவைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்து ஒளியின் கதைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது. சற்று நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015-இல் அமெரிக்காவில் 'டாஞ்சரின்' என்ற படம் வெளிவந்தது. இயக்குநர் சான் பேக்கர். செலவு சுமார் ஒரு லட்சம் டாலர்தான். அந்த நாட்டில் அது மிகமிகக் குறைவு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இரு திருநங்கையர் கழிக்கும் ஒரு நாளைப் பற்றிய, பெரியவர்களுக்கான படம். படம் முழுவதும் ஐபோன் 5 எஸ் போன்கள் மூன்றில் எடுக்கப்பட்டது. இந்தப் போனில் ஒளியை ஏற்கும் உணரியின் அளவு ஏறத்தாழ 4.9 மி.மீ.க்கு 3.7 மி.மீ. உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. சினிமாத் தொழிலில் வழக்கமான 'சூப்பர் 35' சட்டத்தின் அளவோ ஏறத்தாழ 25 மி.மீ.க்கு 19 மி.மீ. பரப்பில் சுமார் 25 மடங்கு!

மழை பெய்யும்போது மொட்டைமாடியில் ஓர் அகன்ற தாம்பாளத்தையும் ஒரு சிறு கிண்ணத்தையும் வைத்து, ஒரு வினாடி கழித்து எடுத்துவிடுங்கள். தாம்பாளத்தில் எத்தனை துளி, கிண்ணத்தில் எத்தனை துளி? ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது. அத்துளிகளைப் போட்டான்கள் என்கிறோம். அவை கணக்காக வரிசையில் நின்று வருவதில்லை. சராசரியாக 10,000 போட்டான்கள் விழவேண்டிய ஒரு புள்ளியில் ஒருமுறை 9,900, மறுமுறை 10,100 என்று ஏற்ற இறக்கம் இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் சராசரி எண்ணின் வர்க்கமூலத்தின் அளவில் அமையும். 10,000-இன் வர்க்கமூலம் 100. அதாவது 1 சதவிகிதம். கண்ணுக்குத் தெரியாது. புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றாமல் உணரியின் பரப்பை 25-இல் ஒரு பங்காகக் குறைத்தால் ஒரு புள்ளிக்கு 400 போட்டான்களே விழும். வர்க்கமூலம் 20, அதாவது 5 சதவிகிதம். சீரான சாம்பல் நிறச் சுவர் இப்போது மணல் தூவியதுபோல் தெரியும். இரவில் செல்போனில் எடுத்த படத்தில் பொரிப்பொரியாகத் தெரிகிறதே, அதன் பெரும்பகுதிக்குக் காரணம் இதுதான். போன் மட்டமானது என்று திட்டிப் பயனில்லை. ஒளியின் இயல்பே அப்படி.

இப்போதைய போன்களில் உணரி பெரிதாகியிருக்கிறது. மேலே சொன்ன 15 புரோ மாக்ஸில் அது 5 எஸ்-ஐவிடப் பரப்பில் ஏறத்தாழ 4 மடங்கு. தவிர, போனுக்குள் இருக்கும் கணிப்பொறி அடுத்தடுத்த படங்களை ஒன்றுசேர்த்து இரைச்சலைக் குறைக்கிறது. இருந்தாலும் சினிமாச் சட்டத்தின் பரப்பு அதைவிட இன்னும் 6 மடங்குக்கு மேல் பெரிது.

பேக்கரின் படத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? கதையின் பெரும்பகுதியைக் கலிபோர்னியாவின் கொளுத்தும் வெயிலில் தெருவிலேயே எடுத்தார்கள். மழை கொட்டினால் கிண்ணமும் நிறைந்துவிடும் அல்லவா? பிறகு நிறத்தைக் கூட்டி, பிலிமில் இருப்பது போன்ற மணிமணியான தோற்றத்தைக் கணிப்பொறியில் வேண்டுமென்றே சேர்த்தார்கள். போனின் முன்னால் ஒரு சிறு வில்லையை மாட்டினார்கள். அது காட்சியைப் பக்கவாட்டில் 1.33 மடங்கு நெருக்கித் தரும், பிறகு விரித்துக்கொள்ளலாம். போன் தரும் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 1.78 மடங்கு. 1.78-ஐ 1.33-ஆல் பெருக்கினால் சுமார் 2.37. நாம் 'சினிமாஸ்கோப்' என்று சொல்லும் அகலத் திரையின் விகிதம் கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது! வட்ட உருளையைச் சீவியதுபோன்ற ஒரு கண்ணாடித் துண்டு செய்த வேலை இது.

போனின் சிறுமையில் ஒரு நன்மையும் உண்டு. உணரி சிறியதாக இருப்பதால் வில்லையின் குவியத் தூரமும் சிறியது. 5 எஸ்-இல் சுமார் 4 மி.மீ.தான். குவியத் தூரம் சிறுத்தால் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒருசேரத் தெளிவாக விழும். நடிகர் ஓடினாலும் திரும்பினாலும் தெளிவு கெடாது. பின்னணி அழகாக மங்கித் தெரியவேண்டும் என்று விரும்புவோர்க்கு இதுவே குறை. தெருவில் விரட்டிக்கொண்டே எடுப்பவர்களுக்கு வரம். இன்னொன்று: பேக்கரின் நடிகையர் சினிமாவுக்குப் புதியவர்கள். பெரிய காமிராவின் முன்னால் விறைத்துப்போகக்கூடியவர்கள், எல்லோர் கையிலும் இருக்கும் ஒரு போனின் முன்னால் இயல்பாக இருந்தார்கள். இது இயற்பியலில் வராது. ஆனால் படத்தில் வந்திருக்கிறது.

இதே பேக்கர் அடுத்து என்ன செய்தார் என்பதைத்தான் தையற்கடைக்காரரிடம் நான் முதலில் சொன்னேன். 2017-இல் வந்த 'தி ஃபுளோரிடா புராஜெக்ட்' படத்தை அவர் 35 மி.மீ. பிலிமில் எடுத்தார். அதன் கடைசிக் காட்சிக்கு மட்டும் மறுபடியும் ஐபோன். இரண்டு சிறுமியர் டிஸ்னி பூங்காவுக்குள் ஓடுகிறார்கள். அங்கே பெரிய காமிராவைக் கொண்டுபோக முடியாது, கூட்டத்தோடு கூட்டமாக மறைவாக எடுத்தாகவேண்டும். 2024-இல் கான் விழாவின் தலையாய பரிசையும் 2025-இல் ஆஸ்கார் பரிசுகளையும் பெற்ற அவருடைய 'அனோரா' படமோ மீண்டும் 35 மி.மீ. பிலிம். லண்டன்காரர்கள் சிறிய காமிராவில் தொடங்கி இறுதியில் பிலிமுக்குப் போனார்கள். இவர் பிலிமில் தொடங்கி இறுதியில் போனுக்குப் போனார். இருவருக்கும் கருவியின் மேல் பக்தியும் இல்லை, வெறுப்பும் இல்லை.

வீட்டு உபயோகக் கருவி தொழிலுக்குள் நுழைவது புதிதன்று. 1923-இல் கோடக் நிறுவனம் 16 மி.மீ. பிலிமை வீட்டில் படமெடுப்பவர்களுக்காகவே கொண்டுவந்தது. எளிதில் தீப்பிடிக்காத பிலிம் அது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஓட்டலாம். தொழில்முறையினர் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் போர்முனைப் படங்களும் டி.வி. செய்திகளும் ஆவணப் படங்களும் அதில்தான் வந்தன. தோளில் தூக்கிக்கொண்டு ஓட முடிந்ததே காரணம்.

2008-இல் இதேபோன்ற இன்னொரு நுழைவு நடந்தது. இம்முறை வழி வேறு. கேனன் நிறுவனத்தின் '5 டி மார்க் 2' என்ற நிழற்படக் காமிராவில் வீடியோ எடுக்கும் வசதியும் சேர்ந்து வந்தது. அதன் உணரி 36 மி.மீ.க்கு 24 மி.மீ. சினிமாச் சட்டத்தைவிடவே பெரிது! தாம்பாளம் இப்போது வீட்டுக் கருவியின் பக்கம். மங்கலான ஒளியிலும் படம் வந்தது. பின்னணி அழகாக மங்கியது. 2010-இல் அமெரிக்காவின் 'ஹவுஸ்' என்ற டி.வி. தொடரின் ஒரு பகுதியை முழுவதும் இதிலேயே எடுத்தார்கள்.

ஆனால் குறை வேறு இடங்களில் ஒளிந்திருந்தது. அந்தக் காமிரா தொடக்கத்தில் வினாடிக்கு 30 படங்கள் மட்டுமே எடுத்தது. சினிமாவுக்கு வேண்டியது 24. முப்பதை இருபத்து நான்காக ஓட்டினால் நடப்பவர் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில்தான் நடப்பார். இடையிடையே 6 படங்களைக் களைந்துவிட்டாலோ வெட்டி வெட்டி நடப்பார். 2010-இல்தான் நிறுவனம் மென்பொருளைத் திருத்தி இதைச் சரிசெய்தது. இன்னொரு குறை, 2 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளை வினாடிக்குப் பலமுறை படித்து முடிக்க அதற்கு நேரமில்லை. எனவே ஏறத்தாழ மூன்று வரிசைக்கு ஒரு வரிசையை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றைத் தாண்டிவிடும். மெல்லிய கோடு போட்ட சட்டை அணிந்த நடிகர் வந்தால் சட்டையில் இல்லாத வளைவுகளும் நிறப் பட்டைகளும் நெளியும். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று பிடித்துப் பார்த்தால் நெளிநெளியாகத் தெரிவதும் இதே விளைவுதான். காமிராவை மாற்ற முடியாதவர்கள் சட்டையை மாற்றினார்கள்!

நம் தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. பாலாஜி சக்திவேல் இயக்கி 2012-இல் வெளிவந்த 'வழக்கு எண் 18/9' படம் கேனன் 7 டி என்ற நிழற்படக் காமிராவில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவு விஜய் மில்டன். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. நடைபாதைக் கடையில் வேலை செய்யும் ஓர் இளைஞனின் கதை. சாலையோரத்தில் கூட்டம் கூடாமல் எடுக்க, நிழற்படம் எடுப்பதுபோல் தோன்றும் ஒரு காமிரா எவ்வளவு உதவும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இதுவரை படத்தைப் பற்றியே பேசினேன். ஒலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் ஒருகாலத்தில் கேட்கவில்லை. 2020-இல் ஊரடங்கின்போது தனிச்சீரிசை இயக்கத்தைப் பற்றி 40 நிமிடப் பாடம் ஒன்றை வீட்டில் செல்போனில் பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்பினேன். படம் பளிச்சென்று இருந்தது, எனக்கே பெருமை. மறுநாள் ஒரு மாணவி, "சார், உங்க ஃபேனுக்கு எண்ணெய் போடணும்" என்று செய்தி அனுப்பினாள். போனை 3 மீட்டர் தள்ளி வைத்திருந்தேன். மின்விசிறி அதன் தலைக்கு மேலேயே சுழன்றது. ஒலியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! வாயிலிருந்து 30 செ.மீ.இல் இருக்கவேண்டிய மைக்கை 10 மடங்கு தள்ளி வைத்தால் 100-இல் ஒரு பங்கு ஒலிதான் போய்ச் சேரும். அறைச் சுவர்களின் எதிரொலிப்பால் கணக்கு கொஞ்சம் மாறும். அந்த எதிரொலிப்பும் பேச்சைக் குழப்பவே செய்யும்.

அடுத்த பாடத்துக்கு விசிறியை நிறுத்திவிட்டு, மனைவியின் போனைச் சட்டைப் பையில் ஒலிப்பதிவுக்காக வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினேன். கை சேரும் படத்தையும் தட்டல் ஒலியையும் பொருத்திவிட்டால் இரண்டு பதிவும் இணைந்துவிடும். சினிமாவில் பலகை அடிப்பதும் இதற்காகத்தான். 'டாஞ்சரின்' படத்திலும் ஒலியைப் போனிடம் விடவில்லை. அதற்குத் தனிக் கருவிகளும் தேர்ந்த ஒலிப்பதிவாளரும் இருந்தனர். விளம்பரங்களில் இது வருவதில்லை.

விளம்பரங்களின் மேல் எனக்குள்ள கோபம் இதுதான். 'இந்தப் போனில் எடுத்தது' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். கூடவே இருந்த வில்லைகள், விளக்குகள், ஒலிக்கருவிகள், பல ஆண்டு பயின்ற ஆட்கள் எல்லாம் பொடி எழுத்தில் போகின்றன. சில சமயம் அதுவும் இல்லை. ஆய்வகத்தில் ஒரு மாணவர் தான் பயன்படுத்திய கருவிகளில் ஒன்றை மட்டும் எழுதி, மற்றதை மறைத்து முடிவைத் தந்தால் நான் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன். பதினாறு வயதுப் பையன் அதை நம்பித் தாயின் வளையலைக் கேட்கிறான்.

இதற்கு எதிர்த் திசையில் இன்னொரு பொய்யும் உலவுகிறது. "இதெல்லாம் விளையாட்டு, உண்மையான காமிரா இல்லாமல் உண்மையான படம் கிடையாது" என்பவர்கள் அதைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டவேண்டும். ஈரான் நாட்டு இயக்குநர் ஜாஃபர் பனாஹிக்கு 20 ஆண்டுகள் படமெடுக்கத் தடை என்று 2010 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. வீட்டை விட்டு வெளியே போக முடியாத நிலையில், ஒரு நண்பர் கொண்டுவந்த சிறு வீடியோ காமிராவையும் தம்முடைய ஐபோனையும் வைத்து, வீட்டுக்குள்ளேயே 'திஸ் இஸ் நாட் எ ஃபில்ம்' என்ற படத்தை அவரும் நண்பரும் எடுத்தார்கள். பெயரின் பொருள், 'இது ஒரு திரைப்படமல்ல'. அது 2011-இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. கேக்குக்குள் ஒளித்துவைத்த ஒரு சிறு நினைவகத்தில் நாட்டை விட்டு வெளியேறியது என்று செய்திகள் கூறின. அவரிடம் போய், உணரி சிறியது, போட்டான் போதாது என்று சொல்ல முடியுமா? அவருக்கு வேறு காமிரா கிடையாது. இருந்ததைக்கொண்டு, அதனால் முடிந்த படத்தை எடுத்தார்.

என் கருத்து இதுதான். ஒரு கருவி போதுமா, போதாதா என்ற கேள்வியே அரைகுறையானது. எதை எடுப்பதற்கு, எந்த ஒளியில், எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு அவகாசத்தில் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை உண்டு. இயற்பியலில் ஓர் அளவீட்டை அதன் பிழை வரம்போடு சேர்த்துத்தான் எழுதுகிறோம். கையிலுள்ள காமிராவுக்கும் அப்படி ஒரு பிழை வரம்பு எழுத முடியும். அதற்குப் பள்ளிப் பாடமே போதும். எந்தப் பள்ளியின் அறிவியல் மன்றமும் இதைச் செய்யலாம். ஆனால் மன்றங்களில் குறும்படப் போட்டி வைக்கிறார்கள். யாரிடம் விலை உயர்ந்த போன் இருக்கிறதோ அவர் பரிசை வாங்கிக்கொண்டு போகிறார். நானே ஒரு போட்டிக்கு நடுவராக இருந்து அப்படிப் பரிசு கொடுத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தையற்கடைக்காரரிடம், "வளையல் இருக்கட்டும். பையனை ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்க" என்றேன்.

வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். அவன் தாயாரின் பழைய போன் சுமார் 12,000 ரூபாய்க்கு வாங்கியது. அதைக் கொண்டு அப்பாவின் கடையையே படமெடுக்கச் சொன்னேன். முதலில் குழல்விளக்கின் கீழே சுவரில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தன. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று மாறுகிறது; ஒரு சுற்றில் விளக்கு இருமுறை மங்கும்; ஆக வினாடிக்கு 100 மங்கல். போனோ ஒவ்வொரு படத்துக்கும் 60-இல் ஒரு பங்கு வினாடி கண் திறந்திருந்தது. அதற்குள் ஒன்றே முக்கால் மங்கலுக்கும் குறைவாக அடங்குகிறது. முழு எண் இல்லை. ஆகவே ஒரு வரிசைக்குக் கூடுதல் ஒளி, மறு வரிசைக்குக் குறைவு. கண் திறக்கும் நேரத்தை 50-இல் ஒரு பங்கு வினாடியாக மாற்றி, வினாடிக்கு 25 படம் என்று வைத்ததும் பட்டைகள் மறைந்தன. இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலியே இதற்குப் போதுமாக இருந்தது. பையனின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்து, மிதி எந்திரத்தின் பெரிய சக்கரம். நேரான ஆரக்கால்கள் படத்தில் அரிவாள்போல் வளைந்து தெரிந்தன. போன் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைவரை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் சக்கரம் திரும்பிவிடுகிறது. வினாடிக்கு 5 சுற்று சுற்றும் சக்கரம் 50-இல் ஒரு பங்கு வினாடியில் 36 பாகை திரும்பிவிடும் என்று அவனே கணக்குப் போட்டான். இந்த வளைவை நீக்கவேண்டாம், தன் கதையில் அப்பாவுக்குத் தலைசுற்றும் இடத்தில் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். எனக்கு அது தோன்றியிருக்காது.

குறைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். 2 மீட்டருக்கு அப்பால் முகபாவம் தெரியவில்லை. மாலை 6 மணிக்கு மேல் கடைக்குள் பொரி விழுகிறது. காலை 9 முதல் 11 வரை வாசல் வழியே வரும் வெயில் அருமையாக இருக்கிறது. கோடு போட்ட துணி இதில் நெளியவில்லை. ஆனால் சிவப்பு வெல்வெட் துணி ஒரே சாயமாகத் தெரிகிறது. கதையைக் காலை வேளைக்கு மாற்றிவிட்டான். தொலைக்காட்சிகளை எல்லாம் வெட்டி, அப்பாவின் கைகளையும் முகத்தையும் மட்டுமே வைத்து எழுதியிருக்கிறான்.

மீதி இருக்கும் தொல்லை எந்திரத்தின் சத்தம். மதிய உணவுக்குக் கடை சாத்தும் நேரத்தில் பேச்சைத் தனியே, போனை வாயருகில் வைத்துப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். எந்திரம் ஓடும் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் வேறாகப் பிடித்துக்கொண்டால் பின்னால் வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். அப்பா வசனம் பேசச் சம்மதிக்கவேண்டும். அவர் இன்னும் வெட்கப்படுகிறார்.